யாரும் யாரையும் உண்ணாத உணவு வலை

ஜூலை 8, திங்கள்

இன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்கு உணவு வலை. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, டிபன் பாக்ஸ் மூடியில் சீட்டுப் போட்டு ஆளுக்கொரு உயிரினத்தை எடுக்கச் சொன்னேன். புல், வெட்டுக்கிளி, தவளை, சாரைப்பாம்பு, பருந்து, மான், யானை, புலி, காளான், பாக்டீரியா, சாணவண்டு. எது எதைச் சார்ந்து வாழ்கிறதோ அவற்றுக்கு இடையே சணல் கயிறு. கடைசியில் புல்லாக நின்ற பையனை உட்காரச் சொன்னேன். கயிறு இழுத்ததில் மொத்த வட்டமும் தள்ளாடியது.

"ஒண்ணு போனா எல்லாம் ஆடும், பார்த்தீங்களா" என்றேன். பார்த்தார்கள். நல்ல வகுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புலிச் சீட்டு சங்கவிக்கு வந்தது. வகுப்பிலேயே சிறிய உருவம் அவள். சீட்டை மடித்துப் பென்சில் டப்பாவில் பத்திரப்படுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் உறுமித்தான் பதில் சொல்கிறாள் என்று தமிழ் ஐயா மாலையில் வந்து புகார் சொன்னார். சாணவண்டு தருணுக்கு. ஊராட்சித் தலைவர் ராசமாணிக்கத்தின் மகன். அவன் முகம் சுண்டிப்போனது.

மாவு அரைத்து வைத்தேன். மிக்ஸி ஜாரில் அடியில் ஒழுகுகிறது. வாஷர் வாங்க வேண்டும். எட்டரைக்குத் தென்காசியிலிருந்து அவர் போன். மகள் யாழி தூங்கிவிட்டாளாம்.

ஜூலை 9, செவ்வாய்

முதல் பீரியடிலேயே தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். கனகசபாபதி சாருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது. எந்தப் பிரச்சினையையும் டீ வாங்கிக்கொடுத்துத் தீர்ப்பவர். போனால், அவருடைய நாற்காலியில் ராசமாணிக்கம் உட்கார்ந்திருக்கிறார். சார் நின்றுகொண்டிருக்கிறார். டீ வந்திருந்தது.

"பையன் ராத்திரி சாப்பிடலை டீச்சர்" என்றார் ராசமாணிக்கம். "சாணி உருட்டுற பூச்சியாமே அவன். அவுக அம்மா அழுகுது."

"சீட்டுல வந்ததுங்க. நானா குடுக்கலை."

"சீட்டுன்னா அப்படியே விட்டுர்றதா? புலி யாருக்கு?"

"சங்கவிக்கு."

"எந்தச் சங்கவி? கண்மாய்க்கு அந்தப் பக்கத்துப் பிள்ளையா?"

"எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

நான் வெளியூர்க்காரி. இந்தப் பக்கம் அந்தப் பக்கமெல்லாம் கவனிப்பதில்லை.

அவர் போன பிறகு சார் நாற்காலியில் உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொண்டார். "மறுபடி ஒரு தடவை சீட்டுப் போட்டிருங்க டீச்சர். சீட்டுதானே" என்றார்.

ஜூலை 10, புதன்

மறுபடி சீட்டு. எல்லோரும் பழைய சீட்டைத் திருப்பிப் போட்டார்கள். சங்கவி மட்டும் போடவில்லை.

"எடுத்ததை எதுக்கு மிஸ் திருப்பிப் போடணும்?" என்றாள்.

மற்றவர்களுக்கு மட்டும் போட்டேன். சாணவண்டு ரைஸ் மில்காரர் மகளுக்குப் போனது. தருணுக்குப் பாக்டீரியா வந்தது.

மாலைக்குள் ராசமாணிக்கம் இரண்டு முறை போன் செய்துவிட்டார். கண்ணுக்கே தெரியாத ஒன்றைத் தன் மகனுக்குக் கொடுத்தது வேண்டுமென்றே செய்தது என்கிறார். ரைஸ் மில்காரர் நேரிலேயே வந்தார். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வயதில் இப்படி ஒரு பெயர் வந்தால் என்ன ஆவது என்று கேட்டார். பாக்டீரியாவைப் பற்றி அவருக்குக் குறை ஒன்றுமில்லையாம். யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறதாம்.

ஜூலை 12, வெள்ளி

சாரின் அடுத்த யோசனை: அவரவர் விருப்பம்போலத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொருவரும் வீட்டில் கேட்டுவிட்டு வந்தார்கள்.

வகுப்பில் இருபத்து நான்கு பேர். இருபத்திரண்டு புலி, ஒரு பருந்து, ஒரு யானை. யானை பாண்டீஸ்வரன். அவனை யாரும் தின்ன முடியாது, அவனும் யாரையும் தின்ன வேண்டியதில்லை, அதனால் வம்பில்லை என்று அவன் அப்பா சொல்லி அனுப்பினாராம். ஊரில் விவரமான ஆள் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

"இருபத்திரண்டு புலியும் என்ன சாப்பிடும்?" என்று கேட்டேன்.

"மான் மிஸ்."

"மான் யாரு?"

யாரும் கை தூக்கவில்லை.

"பக்கத்துக் காட்டுல போய்ச் சாப்பிடும் மிஸ்" என்றான் ஒருவன்.

"அங்கேயும் இதே மாதிரி எல்லாரும் புலின்னா?"

வகுப்பு யோசித்தது. "ரேஷன்ல குடுப்பாங்க மிஸ்" என்றது ஒரு குரல். பாடம் அதோடு முடிந்தது.

ஜூலை 15, திங்கள்

விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அம்புக்குறி போட்டு நடத்தினால் போகிறது. ஆனால் விட முடியாதாம். ஆகஸ்ட் இரண்டாம் தேதி கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். நிகழ்ச்சி நிரலில் 'மாணவர்கள் வழங்கும் உயிருள்ள உணவு வலை' என்று போட்டு சார் போன வாரமே அனுப்பிவிட்டார்.

"அனுப்பினது அனுப்பினதுதான் டீச்சர். இனிமே உணவு வலை இல்லாமப் போக முடியாது" என்றார். வெள்ளிக்கிழமை பெற்றோரைக் கூட்டிப் பேசித் தீர்த்துவிடலாமாம்.

ஜூலை 17, புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. ரவா உப்புமாவைப் பாதியில் இறக்கிக் கீழ்வீட்டு அக்கா அடுப்பில் முடித்தேன். அந்த அக்காவும் புலி விஷயம் கேட்டார்.

ஜூலை 19, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். மின்விசிறி மாட்டுவதற்கு மூன்று முறை கூட்டியும் ஆறு பேருக்கு மேல் வந்ததில்லை. இன்றைக்கு உட்கார இடமில்லை. கண்மாய்க்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் நாற்காலிகளிலும், சங்கவியின் அம்மாவும் அவரோடு வந்த நாலைந்து பெண்களும் பின்னால் பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி பற்றாக்குறையாக இருக்கலாம்.

நான் எழுந்து உணவுப் பிரமிடு படம் வரைந்து விளக்கினேன். கீழே நிறையப் புல், அதற்கு மேல் கொஞ்சம் மான், உச்சியில் ஒரே ஒரு புலி.

"அந்த ஒண்ணு என் பையனா இருக்கட்டும்" என்றார் ராசமாணிக்கம்.

ரைஸ் மில்காரர் தொண்டையைச் செருமினார். "தலைவர் சொன்னாச் சரிதான். ஆனா என் பிள்ளை என்ன புல்லா?"

"மானா இருக்கலாம்ங்க" என்றேன். "மான் அழகு."

மான் என்றதும் ஒரு சலசலப்பு. நல்லவிதமான சலசலப்புதான். ஒரு அம்மா தன் மகளுக்கு மானை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். பிறகு நினைத்துக்கொண்டவர்போலக் கேட்டார்:

"டீச்சர், இந்த மானை யாரு திங்கிறது?"

"புலிதான்."

"எந்தப் புலி?"

பின்பெஞ்சிலிருந்து சங்கவியின் அம்மா நிதானமாகச் சொன்னார்: "எங்க பிள்ளை சீட்டெடுத்த புலிங்க. மத்ததெல்லாம் கேட்டு வாங்கின புலி."

நாற்காலிப் பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மான் கேட்ட அம்மா, "எங்களுக்கு மான் வேணாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். மான் இருக்கலாம், ஆனால் அதை யாரும் துரத்தக் கூடாது. துரத்தலாம், ஆனால் தொடக் கூடாது. தொடலாம், ஆனால் இன்னார் தொடக் கூடாது. கடைசியில் கனகசபாபதி சார் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு எழுந்து, தீர்மானத்தை வாசித்தார். கல்வி அதிகாரி முன்னிலையில் நடைபெறும் உணவு வலையில் யாரும் யாரையும் உண்ணக் கூடாது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கை தட்டினார்கள்.

"அப்ப அது உணவு வலை இல்லையே சார்" என்றேன்.

"வலை இருக்கட்டும் டீச்சர். உணவை விட்ருவோம்."

பஸ்ஸுக்கு நின்றபோது ராசமாணிக்கத்தின் கார் வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"தென்காசிக்கு மாறுதல் கேட்டு நாலு வருசமா அலையிறீங்களாம்ல. சின்னப் பிள்ளை வேற அங்க இருக்காம்."

பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"என் பையன் புலி. ஒரே புலி. அதை நீங்க பாத்துக்கங்க. தென்காசியை நான் பாத்துக்கிறேன்."

ஜூலை 21, ஞாயிறு

தென்காசி. யாழிக்குப் பல் ஆடுகிறது. அப்பாவிடம்தான் ஆட்டிக் காட்டுகிறாள். நான் தொடப் போனால் வாயை மூடிக்கொள்கிறாள்.

அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"ஒரு புலிதான கோமு. குடுத்துட்டு வந்துரேன்."

"அது என்னோட புலி இல்லைங்க."

"யாரோடதா இருந்தா என்ன. நாலு வருசமா கலந்தாய்வுக்குப் போய்ட்டு வெறுங்கையோட வாரோம். நாடகத்துல ஒரு பிள்ளை வேசத்தை மாத்துறதுக்கு இவ்வளவு யோசிக்கணுமா?"

சாயங்காலம் நான் பை எடுத்தபோது யாழி டிவி பார்த்துக்கொண்டே கை ஆட்டினாள். முன்பெல்லாம் சேலையைப் பிடித்துக்கொள்வாள். வளர்ந்துவிட்டாள், நல்லதுதான்.

ஜூலை 22, திங்கள்

மதியம் சங்கவியை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டேன். புலிக்குப் பதிலாகச் சிறுத்தையாக இருக்கச் சம்மதமா என்று கேட்டேன். சிறுத்தை புலியைவிட நன்றாக மரம் ஏறும், எல்லா இடத்திலும் பிழைத்துக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னேன். சொன்ன அத்தனையும் உண்மைதான்.

அவள் முழுவதும் கேட்டாள்.

"நீங்க குடுக்கச் சொன்னா குடுத்துர்றேன் மிஸ்" என்றாள். "ஆனா யாரு கேட்டாலும், மிஸ்தான் குடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன்."

"சரி, நீ போ" என்றேன்.

"குடுக்கவா, வேணாமா மிஸ்?"

"வகுப்புக்குப் போம்மா."

இரவு சாப்பாடு இறங்கவில்லை. உப்பு கூடிவிட்டது.

ஜூலை 24, புதன்

இயற்கைத் தேர்வு ஆரம்பித்தேன். சூழலியலை விட்டுப் பரிணாமத்துக்கு வந்தால் நிம்மதி என்று நினைத்தேன்.

"அப்ப வலுத்தவன்தான் ஜெயிப்பானா மிஸ்?"

"வலு இல்லை. பொருத்தம். புலிக்கு எவ்வளவு வலு இருக்கு, ஆனா விரல் விட்டு எண்ணுற நிலைமைக்கு வந்துருச்சு. சாணவண்டைப் பாருங்க, டைனோசர் காலத்திலேர்ந்து இருக்கு. புலி மாதிரி எத்தனையோ வந்துட்டுப் போயாச்சு. அது பாட்டுக்கு உருட்டிக்கிட்டிருக்கு."

சும்மா ஒரு உதாரணத்துக்குத்தான் சொன்னேன். பெல் அடித்த பிறகு தருண் மேசைக்கு வந்தான். இரண்டு வாரத்தில் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"அது ஏன் மிஸ் உருட்டுது? அங்கயே சாப்பிட்டா என்ன?"

"அங்கே கூட்டம். பிடுங்கிக்கும். தன் பங்கைத் தள்ளிக்கிட்டுத் தூரமா ஓடுது."

"தலைகீழா நின்னு பின்னங்காலால தள்ளினா எப்படி மிஸ் வழி தெரியும்?"

சில வகைகள் வானத்தில் பால்வீதியின் வெளிச்சத்தைப் பார்த்து நேர்கோட்டில் போகின்றன என்றேன். சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றேன். அவன் ரொம்ப நேரம் அங்கேயே நின்றான்.

ஜூலை 26, வெள்ளி

தருண் மூன்று நாட்களாகப் பால் சொசைட்டிக்குப் பின்னால் சாணிக்குவியலில் குப்புறப் படுத்துக் கிடக்கிறானாம். தமிழ் ஐயா தகவல். இன்றைக்கு எனக்கு அவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். கோலிக்குண்டு அளவு உருண்டையை ஒரு வண்டு மேட்டில் ஏற்றுகிறது, உருண்டை நழுவுகிறது, மறுபடி ஏற்றுகிறது. அவ்வளவுதான் வீடியோ. பன்னிரண்டு நிமிடம். முழுவதையும் இருவரும் பார்த்தோம்.

"எனக்குச் சாணவண்டே குடுங்க மிஸ்" என்றான்.

"அப்பாகிட்ட கேட்டியா?"

"அது என் சீட்டு மிஸ்."

மிக்ஸி வாஷர் வாங்கினேன். அளவு மாறிவிட்டது.

ஜூலை 29, திங்கள்

ஒத்திகை. தருண் கைகளை ஊன்றித் தலைகீழாக நின்று, கால்களால் கால்பந்தை உருட்டிக்கொண்டு மைதானத்தைக் கடந்தான். பாதியில் விழுந்தான். மறுபடி நின்றான். உடற்கல்வி ஆசிரியர் கூட வந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து ராசமாணிக்கம் பைக்கில் வந்து இறங்கினார்.

மகனைப் பார்த்தார். தூசியும் சாணமுமாக இருந்தான்.

"யாருடா உன்னை இப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லலைப்பா. எனக்குப் பிடிச்சிருக்கு."

"புலியை வாங்கிக் குடுத்தா உனக்குச் சாணி பிடிச்சிருக்கா?"

"புலி இந்த ஊர்ல எங்கப்பா இருக்கு? வண்டு இருக்கு. நான் பாத்தேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "எம்பிள்ளை மனசைக் கெடுத்திட்டீக டீச்சர். இந்த ஊர்ல இனிமே நீங்க இருக்க மாட்டீக. அதுக்கு என்ன செய்யணுமோ செஞ்சுர்றேன்."

கனகசபாபதி சார் டீ சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நாளை ஆய்வு. பிள்ளைகள் தாங்களே ஒத்திகை பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஆய்வகச் சாவியைக் கேட்டார்கள். கொடுத்தேன். உள்ளே என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நிறைய சிரிப்புச் சத்தம் கேட்டது. சங்கவி மட்டும் ஒரு முறை வெளியே வந்து, சாப்பாடில்லாமல் ஒரு புலி எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சீருடைச் சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

கல்வி அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். முன்வரிசையில் அவர், பக்கத்தில் ராசமாணிக்கம், அடுத்து சார். மூவருக்கும் முன்னால் பிஸ்கட், மிக்சர். பின்னால் பெற்றோர்கள். சார் மைக்கில், எவ்வுயிரும் எவ்வுயிரையும் துன்புறுத்தாத புதுமையான உணவு வலை என்று அறிவித்தார்.

இருபத்தொரு புலிகள் அட்டை முகமூடியோடு வரிசையாக வந்து வணக்கம் சொன்னார்கள். பருந்து ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றது. யானை பாண்டீஸ்வரன் மெல்ல நடந்துவந்து, தேங்காய் நார் சுற்றிய ஒரு கால்பந்தை நடந்துகொண்டே பின்னால் போட்டுவிட்டுப் போனான். கூட்டம் சிரித்தது. அடுத்து தருண். கறுப்புச் சட்டை, முதுகில் இறக்கைபோல விரிந்த இரண்டு முறங்கள். தலைகீழாக நின்று, கால்களால் அந்த உருண்டையை உருட்டத் தொடங்கினான். சிரிப்பு இன்னும் கூடியது. பிறகு மெல்ல அடங்கியது, ஏனென்றால் அவன் விழவில்லை. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நேர்கோடு. கை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அதிகாரி எழுந்து நின்று பார்த்தார்.

நாடகம் அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். அப்போதுதான் முதல் புலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குது" என்றது.

"தீர்மானம் இருக்கு. யாரையும் சாப்பிடக் கூடாது" என்றது இரண்டாம் புலி.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு முதல் புலி செத்து விழுந்தது.

ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. ஒருவன் கொடிமரத்தைக் கட்டிப்பிடித்து வழுக்கியபடியே செத்தான். ரைஸ் மில்காரர் மகள் தண்ணீர் கேட்டு, குடித்து, நன்றி சொல்லிவிட்டுச் செத்தாள். பின்னாலிருந்து ஒரு அம்மா, "டேய், போதும் எந்திரி, புதுச் சட்டைடா" என்றார். அவன் செத்துக்கொண்டே, "முடியாதும்மா" என்றான். பருந்து பெஞ்சிலிருந்து இறங்கி, சட்டை மடிப்புக் கலையாமல் படுத்துக்கொண்டது. யானை, புல் எங்கே என்று கேட்டபடி மூன்று புலிகள்மேல் சாய்ந்தது. மைதானம் முழுக்கப் பிணம்.

மிஞ்சியது சங்கவி. நாலு காலில் தவழ்ந்து முன்வரிசைவரை வந்தாள். ராசமாணிக்கத்தின் காலடியில் நின்று, முகமூடியை ஏற்றிவிட்டு, அவரையே பார்த்தாள்.

"பசிக்குது" என்றாள்.

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராசமாணிக்கம் என்ன நினைத்தாரோ, தன் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். போனால் போதும் என்று நீட்டினாரா, வேறு எதுவுமா, எனக்குத் தெரியாது.

சங்கவி யோசித்தாள். "பிஸ்கட்டு யாரும் இல்லைல்ல?" என்று என்னைக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு அவர் செருப்பின்மேல் தலைவைத்துச் செத்துப்போனாள்.

தருண் நிமிர்ந்து, மூச்சு வாங்க, பிணங்களைச் சுற்றிப் பார்த்தான். "இதெல்லாம் என் வேலை இல்லை. நான் சாணி மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு வணங்கினான்.

அதிகாரி ரொம்ப நேரம் கைதட்டினார். மாவட்ட அளவிலான கண்காட்சிக்கு இதையே அனுப்ப வேண்டும் என்றார். போகும்போது கேட்டார்: "அந்த வண்டு யார் வீட்டுப் பையன்?"

ராசமாணிக்கம் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "நம்ம பையன்தான் சார்" என்றார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. நிர்வாக நலன் கருதி என்று போட்டிருக்கிறது. தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டரில் ஒரு பள்ளி.

"தண்டனை மாதிரில்ல போட்டிருக்காங்க" என்றார் கனகசபாபதி சார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒத்திகை அன்றைக்கே ராசமாணிக்கம் போன் போட்டிருக்கிறார். இவள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், இங்கே இருக்கக் கூடாது என்றாராம். மேலே யாரோ, பழைய கோப்பில் இந்த அம்மா தென்காசி கேட்டிருக்கிறதே, அங்கேயே தள்ளிவிடுவோம் என்று போட்டுவிட்டார்கள்.

நான் ஆய்வகத்துக்குப் போய்க் குடுவைகளைத் துடைத்தேன். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து துடைத்தேன். அவருக்குப் போன் செய்யத் தோன்றவே இல்லை. ஐந்து மணிக்குத்தான் செய்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மாலையில் ராசமாணிக்கம் என் வீட்டுக்கே வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ்.

"கோபத்துல சொல்லிப்புட்டேன் டீச்சர். ஒரு போன் போட்டா உத்தரவை நிறுத்திருவாக."

"வேண்டாங்க."

"நீங்க பெருந்தன்மையாச் சொல்றீக."

"பெருந்தன்மை இல்லைங்க. நான் தென்காசிதான் கேட்டேன்."

"மனசு நொந்துபோய்ப் பேசுறீக. எனக்குப் புரியுது." போனை எடுத்துவிட்டார். "அதிகாரி நேத்தும் போன்ல வண்டைப் பத்தித்தான் கேட்டாரு. பையன் காலேஜுல விலங்கியல் படிப்பேன்கிறான். நீங்க போயிட்டா அவனுக்கு யாரு சொல்லிக்குடுப்பா?"

எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணுக்கு அஞ்சு வயசுங்க" என்றேன். "நான் கிளம்புறப்ப இப்பல்லாம் அவ அழுறதில்லை."

அவர் போனைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப போயிட்டு வாங்க" என்றார். செருப்பு மாட்டும்போது திரும்பி, "வண்டு படிச்சா வேலை கிடைக்குமா டீச்சர்?" என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விடுவிக்கப்பட்டேன். பஸ் நிறுத்தத்துக்குத் தருண் ஒரு தீப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். "உயிரோட இருக்கு மிஸ். பஸ்ஸுல திறக்காதீங்க." சங்கவி வெறுங்கையோடு வந்தாள்.

"பரிணாமத்தைப் பாதியில விட்டுட்டுப் போறீங்க" என்றாள்.

"புதுசா ஒருத்தர் வருவாங்க."

"எப்ப?"

பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தென்காசி. யாழிக்கு அந்தப் பல் விழுந்துவிட்டது. என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

பதினொரு மணிக்குச் சங்கவி போன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"எங்கம்மா இருக்கே?"

"ஸ்கூல்ல மிஸ். மாவட்டக் கண்காட்சிக்கு மறுபடி கூட்டம் போட்டிருக்காங்க. இப்ப எல்லாருக்கும் சாணவண்டுதான் வேணுமாம். இருபத்து மூணு வண்டு. புலிக்கு யாருமே வரலை, நான் மட்டும்தான்."

"யானை?"

"யானையும் வண்டாயிருச்சு."

"அப்ப உருட்டறதுக்குச் சாணி யாரு போடறது?"

"அதுதான் மிஸ் பிரச்சினையே. என்னைப் போடச் சொல்றாங்க."

"நீ என்ன சொன்னே?"

"போட மாட்டேன்னுட்டேன். தருணும் எனக்காகத்தான் பேசிக்கிட்டிருக்கான். அவங்கப்பா அவனை உக்காரச் சொல்றாரு. எல்லாரும் என் பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க."

"அப்புறம் எதுக்கு எனக்குப் போன் பண்றே? போய்ப் பேசும்மா."

"காத்திருக்கட்டும் மிஸ். நான் பாடத்துல சந்தேகம் கேக்கத்தான் பண்ணேன். இன்னும் யாரும் வரலை, நாளைக்கழிச்சுப் பரீட்சை. ஹார்டி-வீன்பெர்க் கொள்கை. ஒரு இனக்கூட்டம் மாறாம அப்படியே இருக்கணும்னா அஞ்சு நிபந்தனைன்னு போட்டிருக்கு. நாலு புரிஞ்சிருச்சு. அஞ்சாவது புரியலை."

"இடம்பெயர்வு இருக்கக் கூடாது. யாரும் வெளியேர்ந்து உள்ள வரவும் கூடாது, உள்ளேர்ந்து வெளிய போகவும் கூடாது."

அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்படி ஒரு இடம் எங்கயாவது இருக்கா மிஸ்?"

"இல்லை. கணக்குப் போடறதுக்காகச் சும்மா வச்சிருக்காங்க."

"சரி மிஸ்" என்றாள். "முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லுங்க."

யாழி மடியில் ஏறி உட்கார்ந்து காதைப் போனில் வைத்துக்கொண்டாள். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அங்கே கனகசபாபதி சார் எல்லோருக்கும் டீ சொல்லிக்கொண்டிருந்தார்.